அவையோர் கேள்வி: நடுநாட்டில் கதைமாந்தர் பற்றிய வாதங்களின் வரலாறு

மாலை நேரத்தில் தொலைக்காட்சித் தொடர் முடிந்ததும் வீட்டுத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் எழும் வாதங்களை இலக்கியத்துக்குப் புறம்பானவை என்று ஒதுக்குவது கற்றோர் சிலரின் வழக்கம். அந்த மருமகள் ஏன் வாய்மூடி இருந்தாள், அந்த அண்ணன் திருந்தியது நம்பும்படியாக இருக்கிறதா, கதையை இப்படி இழுக்கலாமா என்றெல்லாம் மக்கள் கேட்கும் கேள்விகள் பொழுதுபோக்காகவே எண்ணப்படுகின்றன. ஆனால் கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்த நடுநாட்டில் இவ்வாதம் தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. கதைமாந்தரை அவையில் நிறுத்தி விசாரிக்கும் பழக்கம் இம்மண்ணில் பல நூற்றாண்டுகளாக நிலைத்து வந்துள்ளது. அப்பழக்கம் சிலரது வாழ்வையே மாற்றியும் இருக்கிறது. அதன் வரலாற்றைத் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படித்துக் காட்டிய மண்டபங்கள்

தமிழகத்தில் பாரதக் கதை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பொதுவிடத்தில் வாசித்துக் கேட்கப்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் வெளியிடப்பட்ட கூரம் செப்பேடு, காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்து மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கிறது. வாசிப்பவனுக்கு மானியம் கொடுத்த அரசன், கேட்பவர் கூட்டம் ஒன்றையும் முன்னிட்டே கொடுத்திருப்பான். ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாரத வெண்பாவை இயற்றினார். அதன்பின் தமிழில் பாரதம் பாடிய ஒவ்வொரு புலவரும், கதையை முன்பே அறிந்த ஓர் அவையை எதிர்கொண்டே பாட வேண்டியிருந்தது.

இந்த வரிசையில் நடுநாட்டாருக்கு உரிமையுடையவர் வில்லிபுத்தூரார். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்றும், வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் என்னும் தலைவன் வேண்டுகோளுக்கு இணங்கியே பாரதம் பாடினார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாடியவர் அவருடைய மகன் வரந்தருவார். வாதத்தில் தோற்ற புலவரின் காதைத் துறட்டியால் அறுத்தவர் வில்லி என்றும், அருணகிரிநாதரிடம் அவரே தோற்றார் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. அதன் உண்மை எப்படியாயினும், பாரதம் பாடியவரை வாதத்தோடு பிணைத்தே மக்கள் நினைவு வைத்திருக்கின்றனர் என்பது எண்ணத்தக்கது.

வில்லியார் வியாசர் கதையைச் சுருக்கினார். ஆனால் சில இடங்களில் நின்று விரித்தார். அவர் விரித்த இடங்களில் தலையாயது கன்னன் இறுதி. குருதி வடியத் தேர்த்தட்டில் கிடக்கும் கன்னனிடம் கண்ணன் முதிய வேதியனாக வந்து, அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தானமாக வேண்டுகிறான். கன்னனும் கொடுக்கிறான். பின்னர்க் குந்தி ஓடிவந்து, உலகறிய அவனை மகன் என்று கூறி மடியில் ஏந்திப் புலம்புகிறாள். வியாசர் நூலில் இக்காட்சிகள் இல்லை. அறத்தின் பக்கம் நில்லாத ஒருவன் அறத்தால் அழிந்தான் என்று முடிந்திருக்க வேண்டிய கதை, அறத்தின் பக்கம் நின்றவர்களே அவனிடம் கைநீட்டி நின்றார்கள் என்று தமிழில் முடிகிறது. அதன் பயனாகக் கன்னனைப் பற்றிய தீர்ப்பு முடிவு பெறாமலே அவைமுன் கிடந்தது. ஆறு நூற்றாண்டுகளாகத் தமிழர் அவ்வழக்கைப் பேசி முடித்தபாடில்லை.

கூத்துக் களமும் கட்டியக்காரனும்

ஏட்டிலிருந்த வழக்கை ஊர் நடுவே கொணர்ந்தது தெருக்கூத்து. பழைய தென்னார்க்காட்டுப் பகுதியிலும் அதை அடுத்த வட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோவில்கள் செறிந்துள்ளன. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதற்பகுதியில் செஞ்சி வட்டாரத்தை இவ்வழிபாட்டின் நடுவிடமாகக் கண்டார். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவிலூர்ப் பகுதிகள் அவ்வட்டாரத்துக்குத் தென்மேற்கே நீண்டு கிடப்பவை.

திரௌபதி அம்மன் விழாவின் அமைப்பே கேட்பவரை ஆராய்வோராக ஆக்கும் தன்மையுடையது. பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் பாடிப் பொருள் விரிப்பார். இரவில் அதே கதையைக் கூத்தர் ஆடிக் காட்டுவர். ஒரே நிகழ்ச்சியைப் பகலில் சொல்லாகவும் இரவில் உருவாகவும் காண்பவன், இரண்டையும் ஒப்பிடாமல் இருக்க இயலாது. பிரசங்கியார் சொன்ன கன்னன் வேறு, கூத்தர் காட்டிய கன்னன் வேறு என்று அவன் கண்டுகொள்வான். ‘கர்ண மோட்சம்’ கூத்தில் வரும் பொன்னுருவி இதற்கு நல்ல சான்று. தன் கணவனின் பிறப்பை இழிவாகக் கருதி அவனை மதியாதிருந்த மனைவி அவள். அவன் போருக்குப் புறப்படும் கடைசிப் பொழுதில்தான் அவன் யார் என்பது அவளுக்கு விளங்குகிறது. வடமொழிப் பாரதம் அறியாத இப்பெண்ணைத் தமிழ் மக்கள் படைத்துக்கொண்டனர். குலத்தை வைத்து மனிதனை எடைபோடும் வழக்கம் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதைக் காட்ட அவர்களுக்கு ஒரு மனைவி தேவைப்பட்டாள்.

கூத்தில் கட்டியக்காரன் வகிக்கும் இடம் தனித்துக் கூறத்தக்கது. அவன் அரசனின் ஏவலனாக வருவான்; அடுத்த நொடியில் ஊர்க்காரனாகிவிடுவான். கொலுவில் வீற்றிருக்கும் துரியோதனனை நோக்கி, கீழே சமுக்காளம் விரித்து அமர்ந்திருப்பவன் கேட்க நினைப்பதைத் தானே கேட்டுவிடுவான். அவையோரின் ஐயத்துக்கு ஆட்டத்துக்குள்ளேயே ஓர் ஆள் நியமிக்கப்பட்டிருந்தான். இதனால் வாதம் கூத்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லாமற் போயிற்று. கூத்தின் ஓர் உறுப்பாகவே அது நடந்தது.

திரௌபதியின் கேள்வி

பாரதத்துள் கதையைப் பார்த்து நிற்போரின் கடமை பற்றிய வாதம் திரௌபதி துகிலுரியும் இடத்தில் உச்சம் பெறுகிறது. தன்னைத் தோற்ற பின் என்னை வைத்தாடினாரா, அதற்கு முன்பா என்று அவள் கேட்ட கேள்விக்கு வீட்டுமன் முதலான பெரியோர் நேரான விடை தரவில்லை. விகர்ணன் ஒருவனே எழுந்து பேசினான். அவையே பார்வையாளர் கூட்டமாக மாறிப் பேசாதிருந்தது. கூத்துக் களத்தில் இந்த இடம் வரும்போது கற்பூரம் ஏற்றுவதும், துச்சாதனன் வேடம் கட்டியவர் அம்மனை வணங்கிப் பிழைபொறுக்க வேண்டுவதும் மரபாகும். ஆடுபவரும் காண்பவரும் வெறும் சாட்சிகளாக நின்றுவிட அஞ்சினர் என்பதையே இச்சடங்குகள் உணர்த்துகின்றன.

1912-இல் பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற்பகுதியை வெளியிட்டார். இரண்டாம் பகுதி அவர் மறைவுக்குப் பின் 1924-இல் வெளிவந்தது. அந்நூலில் துச்சாதனன் பாஞ்சாலியை இழுத்துச் செல்லும் வீதியில் நின்று பார்த்துப் புலம்பும் ஊர்மக்களைக் கவிஞர் கடிந்துரைக்கிறார். புலம்பலால் ஆவதென்ன என்பது அவர் சினத்தின் சாரம். கதைமாந்தரை மட்டும் விசாரித்துவந்த மரபு, அங்கே கதையைப் பார்த்து நிற்பவனையும் விசாரணைக்கு இழுத்தது.

கூவாகம்: கதை கொடுத்த உறவு

ஒரு பாத்திரத்தை எப்படி நடத்துவது என்னும் முடிவு உயிருள்ள மனிதருக்கு இடமளித்த வரலாறு உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகத்தில் காணக்கிடைக்கிறது. வியாசர் பாரதத்தில் அருச்சுனனுக்கும் நாகர்குலத்து உலூபிக்கும் பிறந்த இராவான், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் மடிகிறான். பல நூறு வீரருள் ஒருவனாக வந்து மறைபவன் அவன். தமிழ் மரபோ பெருந்தேவனார் காலந்தொட்டே அவனை அரவான் ஆக்கி, போர் தொடங்குமுன் பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியாகும் பெருமையை அவனுக்கு அளித்தது. முப்பத்திரண்டு இலக்கணமும் அமைந்தவர் கண்ணன், அருச்சுனன், அரவான் ஆகிய மூவரே. முதலிருவரும் போருக்கு வேண்டியவர். ஆகவே அரவான் தலைகொடுத்தான் என்பது கதை.

இங்கே மக்கள் ஒரு குறையைக் கண்டனர். மணமாகாத இளைஞனைப் பலியிட்டால் அவனுக்காக அழுவதற்கு யார் இருக்கிறார்? நாளை சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வரவில்லை. கண்ணனே மோகினியாகி ஓரிரவு அவன் மனைவியானான் என்று மக்கள் வழக்கு அக்குறையைத் தீர்த்தது. ஆணாக இருந்து பெண்ணானவளே அரவானின் மனைவி என்று கதை முடிவு செய்தபோது, அக்கதைக்குள் தமக்கோர் இடமிருப்பதைத் திருநங்கையர் கண்டனர். சித்திரை முழுநிலவை ஒட்டிக் கூத்தாண்டவர் கோவிலில் அவர்கள் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் அரவானின் தேர் ஊர்ந்து செல்ல, பந்தலடியில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளாடை உடுத்து ஒப்பாரி வைக்கின்றனர்.

ஊராலும் உறவாலும் புறந்தள்ளப்பட்ட மக்களுக்கு மணமகள் என்றும், கைம்பெண் என்றும், அழும் உரிமையுடையவள் என்றும் பெயர் கொடுத்தது ஒரு கதை முடிவு. 2008-இல் தமிழக அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. இவ்விரண்டுக்கும் பல தலைமுறைக்கு முன்பே கூவாகத்துக் கதை அவர்களை உறவுமுறைக்குள் ஏற்றிருந்தது. ஆயினும் அந்த ஏற்பு ஆண்டுக்கு ஓரிரு நாளுக்கே உரியதாக இருந்தது என்பதையும், விழா முடிந்தபின் அவர்கள் திரும்பிச் சென்ற ஊர்கள் மாறாமலே இருந்தன என்பதையும் மறைத்துப் பயனில்லை.

அரவான் கதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. வெட்டுண்ட தலை பதினெட்டு நாள் போரையும் கண்திறந்து காணும் வரத்தை அவன் பெற்றான் என்பது நாட்டார் வழக்கு. போரில் வென்றவனையும் தோற்றவனையும் விடுத்து, போர் முழுவதையும் பார்த்திருந்த ஒருவனை இவ்வட்டாரம் தெய்வமாக்கிக் கொண்டது. பார்வையாளனுக்கு இதனினும் பெரிய மதிப்பை எந்த நாடும் அளித்திருக்க முடியாது.

மலையில் ஒரு கதை, பல வடிவம்

கச்சிராயபாளையத்தைக் கடந்து கோமுகி ஆற்றை ஒட்டி மேற்கே ஏறினால் கல்வராயன் மலை தொடங்குகிறது. வெள்ளிமலையைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் மலையாளி மக்கள் தமிழ் பேசுபவர். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அப்பெயர் வழங்குகிறது. ஜாகிர்தாரர் ஆட்சியில் இருந்த இம்மலை 1976-இல்தான் அரசின் நேரடி நிருவாகத்துள் வந்தது.

இம்மக்கள் தம் மூதாதையர் காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் என்று கூறுவர். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆகிய மூவரும் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது கதையின் நடுக்கரு. ஆனால் யார் எம்மலைக்குச் சென்றார், எக்குலத்துப் பெண்ணை மணந்தார், ஏன் ஊரை விட்டார் என்பவற்றில் சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மலைகளில் வழங்கும் வடிவங்கள் வேறுபடுகின்றன. தனிமனிதன் படைத்த பாத்திரத்தைப் பற்றி வாதிடுவது ஒன்று. தன் குலத்து முதல்வனைப் பற்றி வாதிடுவது மற்றொன்று. மூத்தவனின் வழி யார் என்னும் கேள்விக்குள் மதிப்பும் மணவுறவும் அடங்கிக் கிடக்கின்றன. கதை சொல்லும் முறை வாழ்வோடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு இம்மலைக் கதை ஒரு சான்றாகும்.

திரைக்கு வந்த பாரதம்

1964 பொங்கலன்று பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ வெளிவந்தபோது வில்லியும் கூத்தரும் வளர்த்த வழக்கு வெண்திரைக்கு ஏறியது. வேதியனாக வந்து புண்ணியத்தை இரக்கும் கண்ணனையும், மடியில் ஏந்திய குந்தியையும் அப்படம் விடவில்லை. 2012-இல் புதுப்பித்து மீண்டும் திரையிட்டபோதும் மக்கள் திரண்டு வந்து கண்டனர். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் கன்னனைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஏதோ மிச்சமிருந்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. பி. ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை ஞாயிறு காலைகளில் இந்தியில் ஒளிபரப்பாயிற்று. அதற்கு உரையாடல் எழுதியவர் உருது எழுத்தாளர் ராஹி மாசூம் ரசா. இந்தி அறியாத தமிழ்ச் சிற்றூர்களிலும் அத்தொடர் காணப்பட்டது. மொழி தெரியாவிடினும் கதை தெரிந்திருந்ததே அதற்குக் காரணம். கூத்துப் பார்த்துப் பழகிய கண்கள், திரையில் எது சேர்க்கப்பட்டது, எது விடுபட்டது என்பதை எளிதில் அறியக்கூடியவை. பொன்னுருவி அங்கே இல்லை. கூவாகத்தார் அறிந்த அரவானும் இல்லை.

விடுபட்டவற்றைவிடச் சேர்க்கப்பட்ட ஒன்று பெரிய விளைவை உண்டாக்கியது. மயன் சமைத்த மண்டபத்தில் துரியோதனன் நீரில் விழும்போது, குருடன் மகன் குருடன் என்னும் கருத்துப்பட திரௌபதி எள்ளி நகைப்பதாகத் தொடர் காட்டியது. வியாசர் நூலில் அந்நிகழ்ச்சி நேராகக் கூறப்படும் இடத்தில் சிரிப்பவர் வீமன் முதலியோரும் பணியாளருமே. பின்னர்த் துரியோதனன் தந்தையிடம் முறையிடும்போதுதான் திரௌபதியும் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்கிறான். அப்போதும் அந்தச் சுடுசொல் அவள் வாயில் இல்லை. குற்றம் சாட்டியவன் சொன்ன வடிவம் நடந்த நிகழ்ச்சியாகவே காட்டப்பட்டதால், போருக்குக் காரணம் ஒரு பெண்ணின் நாக்கு என்னும் தீர்ப்பு வீடுதோறும் சென்றது. அவை நடுவே விடையின்றி நின்ற பெண்ணின் கேள்வி பின்தள்ளப்பட்டு, அவள் சிரிப்பு முன்வந்தது. திரௌபதியை அம்மனாக வணங்கும் ஊர்களில் இது சிறு மாற்றமாகக் கருதத்தக்கதன்று. கதையில் யார் கூற்றை உண்மையாகக் கொள்வது என்னும் வினா, வாழ்க்கையில் யார் கூற்றை நம்புவது என்னும் வினாவாகவே வந்து முடியும்.

நெடுந்தொடர்களின் காலம்

1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் தமிழ் நெடுந்தொடர்கள் பெருகின. 1999 முதல் 2001 வரை ‘சித்தி’, 2002 முதல் 2005 வரை ‘மெட்டி ஒலி’, 2003 முதல் 2009 வரை 1500-க்கும் மேற்பட்ட பகுதிகளாகக் ‘கோலங்கள்’ என்று வீட்டுக் கதைகள் பாரதத்தின் இடத்தைப் பெற்றன. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வீடுகளுக்கு வழங்கியது. ஊர்ப் பொதுப்பெட்டியின் முன் கூடிப் பார்த்த நிலை மாறி, ஒவ்வொரு வீடும் தனித்தனி அவையாயிற்று.

வாதத்தின் இயல்பும் மாறியது. பாரதம் பார்த்தவனுக்கு முடிவு தெரியும். ஆகவே அவன் கேள்வி ஏன் என்பதாக இருந்தது: கன்னன் ஏன் கொடுத்தான், தருமன் ஏன் ஆடினான், வீட்டுமன் ஏன் பேசவில்லை? தொடர் பார்ப்பவனுக்கு முடிவு தெரியாது. அதை எழுதுபவருக்கே பல வேளைகளில் முடிவாகியிருக்காது. ஆகவே அவன் கேள்வி அடுத்து என்ன என்பதாகிறது. ஏன் என்னும் கேள்வி அறத்தை நோக்கிச் செல்லும். அடுத்து என்ன என்பது நாளைய பகுதியை நோக்கிச் செல்லும்.

ஆயினும் பழைய கேள்வி முற்றும் அழிந்துவிடவில்லை. 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான, திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரை இதற்குச் சான்றாகக் கூறலாம். படித்த மருமகள்களை வீட்டுக்குள் அடக்கி ஆளும் ஆதி குணசேகரன் என்னும் மூத்தவனும், அவனை எதிர்க்கத் துணியும் பெண்களும் மக்களால் பெரிதும் பேசப்பட்டனர். கொடியவனாகப் படைக்கப்பட்டவன் மேல் வெறுப்போடு விருப்பமும் எழுந்தது. 2023 செப்டம்பர் 8-இல் அப்பாத்திரத்தை ஏற்றிருந்த நடிகர் மாரிமுத்து திடீரென மறைந்தார். பின்னர் அவ்வேடத்தை எழுத்தாளர் வேல ராமமூர்த்தி ஏற்றார். பாத்திரம் நடிகருக்கு உரியதா, கதைக்கு உரியதா என்னும் கேள்வி அப்போது வீடுதோறும் எழுந்தது. கூத்தில் ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஒரே வேடம் கட்டுவதுண்டு. அங்கே பாத்திரம் கதைக்கே உரியது என்பதில் ஐயமில்லை. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் ஒரே முகத்தைக் கண்டு பழகியவர்க்கோ அந்த முடிவு எளிதாக இல்லை.

கூத்தில் இருந்து தொடரில் இல்லாமற்போனவன் கட்டியக்காரன். மருமகள் ஆயிரம் பகுதி அழும்போதும், இதை ஏன் பொறுக்கிறாய் என்று திரைக்குள்ளிருந்து கேட்க ஊரார் சார்பில் எவருமில்லை. அந்த வேலை முழுவதும் திண்ணையில் அமர்ந்திருப்பவர் மேல் விழுந்துவிட்டது. தேநீர்க் கடையிலும் குழாயடியிலும் எழும் வாதம், இடம் இழந்த கட்டியக்காரனின் குரலே எனலாம்.

கவிஞர் செய்யத்தக்கது

2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது. புதிய மாவட்டம் தன் கோவில்களையும் கல்வெட்டுகளையும் அணைகளையும் பட்டியலிட்டுக்கொள்ளும். கபிலர் வடக்கிருந்து உயிர்நீத்த இடமெனக் காட்டப்படும் திருக்கோவிலூர்ப் பெண்ணையாற்றுக் குன்றும் அதில் இடம்பெறும். ஆனால் கேட்டவர் பேசிய பேச்சைப் பட்டியலிட எந்த அலுவலகமும் இல்லை. கன்னனுக்காக விடியவிடியச் சண்டையிட்டவர்களின் வாதங்களும், பொன்னுருவியை மன்னித்தவர்களும் மன்னிக்காதவர்களும் சொன்ன காரணங்களும், மூன்று அண்ணன்மார் கதையின் வேறுவேறு மலை வடிவங்களும் எழுதாக் கிளவியாகவே இருக்கின்றன. அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம் கவிதைகளைத் தொகுப்பது இயல்பு. அதனோடு, அடுத்த சித்திரையிலிருந்து உறுப்பினர் தத்தம் ஊர்க் கூத்துக் களத்தில் ஆட்டத்தை மட்டுமன்றி, அதைப் பார்த்திருப்போர் பேசுவதையும் குறித்துக்கொண்டால் நடுநாட்டு இலக்கிய வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஒரு பகுதி எழுதப்படும். தொடர் முடிந்தபின் பெண்கள் பேசுவதும் அக்குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். வில்லியார் கன்னனை விரித்துப் பாடியதற்கு முன்னும் இத்தகைய பேச்சு எங்கோ நிகழ்ந்திருக்கும். அதை உற்றுக் கேட்ட காது அவருக்கு இருந்தது.